பணியிடம் உண்டு, ஆள் இல்லை: கிராமப்புற அரசு மருத்துவமும் எண்பது ஆண்டு விடைகளும்

அரசு நினைத்தால் ஓராண்டில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை எழுப்பிவிடலாம். கட்டில், கருவி, மருந்து எல்லாவற்றையும் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிவிடலாம். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் கட்டடத்துக்கு நாள்தோறும் வர வேண்டும். சில ஆண்டுகளாவது அந்த ஊரில் நிலைக்க வேண்டும். வரும் நோயாளியைப் பொறுப்போடு பார்க்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு இந்தியா ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, நாட்டின் ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. இதே காலத்தில் மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை வேகமாக வளர்ந்திருக்கிறது. ஆகவே மருத்துவர்களை அதிகமாக உருவாக்குவது மட்டுமே இதற்கு விடையாகாது என்பது தெளிவு.

இதுவரை முன்வைக்கப்பட்ட முதன்மையான நிலைப்பாடுகளையும், அவை தோன்றிய சூழலையும், ஒவ்வொன்றும் எங்கே தடுமாறுகிறது என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. தமிழ்நாட்டின் பட்டறிவு இதில் தனி இடம் பெறுகிறது. இங்கே பல விடைகள் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தன என்பதே அதற்குக் காரணம்.

முதல் விடை: எல்லாருக்கும் ஒரே தரத்து மருத்துவர்

1943-இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. அப்போது நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். மருத்துவப் பள்ளிகளில் குறுகிய காலம் பயின்று உரிமம் பெற்ற எல்.எம்.பி. மருத்துவர்கள். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பதே அன்றைய நிலை.

இந்த நிலையிலும் குழுவின் பெரும்பான்மையினர் எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டு, எல்லா வளங்களையும் ஒரே தரத்திலான 'அடிப்படை மருத்துவரை' உருவாக்கச் செலவிட வேண்டும் என்றனர். ஆறு உறுப்பினர்கள் உடன்படவில்லை. தேவை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இருக்கும் வாயிலை மூடுவது தவறு என்பது அவர்கள் வாதம். சென்னை மாகாணம் ஏற்கெனவே பெரும்பான்மையினர் காட்டிய திசையில்தான் சென்றுகொண்டிருந்தது. ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938-இல் கல்லூரியாக உயர்ந்தது அதன் அடையாளம்.

பெரும்பான்மைக் கருத்தின் அறவலிமையை மறுக்க முடியாது. நகரத்தாருக்கு முழு மருத்துவர், கிராமத்தாருக்கு அரை மருத்துவர் என்ற பிரிவினையை அது ஏற்க மறுத்தது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. மருத்துவர்கள் போதிய அளவு உருவானால் அவர்கள் தாமாகவே கிராமங்களுக்கும் பரவுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருந்தது. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கின. பத்தாண்டு கழிவதற்குள் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு நிலைமையை ஆராய்ந்து, புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன் இருப்பவற்றை வலுப்படுத்துங்கள் என்று சொல்ல நேர்ந்தது. கட்டடம் முந்த, ஆள் பிந்தும் நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டாம் விடை: குறுகிய காலப் படிப்பு

மூடிய வாயிலைத் திரும்பத் திறக்கும் முயற்சிகள் பலமுறை நடந்தன. 2000-இல் உருவான சத்தீஸ்கர் மாநிலம் அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, மூன்றாண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்பு, வழக்குகள், பட்டத்தின் பெயர் பற்றிய குழப்பம் ஆகியவற்றால் அந்தப் படிப்பு சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் அதில் தேறியவர்கள் ஊரக மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். 2010-ஐ ஒட்டி அவர்களது திறனை எம்.பி.பி.எஸ். மருத்துவர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமாக வரும் நோய்களைக் கையாள்வதில் இரு தரப்பாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அது கண்டது.

அசாம் 2005-இல் ஜோர்ஹாட்டில் இத்தகைய பட்டயப் படிப்பைத் தொடங்கியது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-இல் அதற்கான சட்டத்தை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். இந்தப் படிப்பால் கிராமத்துக்கு நன்மையா தீமையா என்ற கேள்வியை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை.

வெளிநாட்டுச் சான்றுகளில் மொசாம்பிக்கின் பட்டறிவு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மருத்துவர் அல்லாதவர்களுக்கு அறுவைப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அந்நாடு 1984-இல் தொடங்கியது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் மாவட்ட மருத்துவமனைகளில் தங்கியிருந்தவர்கள் யார் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இப்பயிற்சி பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நிலைத்திருந்தனர். அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவரும் எஞ்சவில்லை.

இந்த நிலைப்பாட்டின் மீது இரண்டு ஐயங்கள் உள்ளன. திறன் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் வழக்கமான நோய்களைச் சுற்றியே கிடைக்கின்றன. அரிதான, சிக்கலான நோயை முன்கூட்டி அடையாளம் கண்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பும் திறன் பற்றிய சான்றுகள் குறைவு. இரண்டாவது, இவர்கள் கிராமத்தில் தங்குவதற்கு அர்ப்பணிப்பு காரணமா, அல்லது அவர்களது சான்றிதழுக்கு வேறெங்கும் மதிப்பில்லை என்பது காரணமா? பின்னதே காரணம் என்றால், ஒரு பணியாளரின் எதிர்காலத்தைச் சுருக்கித்தான் கிராமத்தின் தேவையை நிறைவு செய்கிறோம் என்றாகிறது.

மூன்றாம் விடை: கட்டாயமும் பிணைப் பத்திரமும்

மக்களின் வரிப்பணத்தில் படித்தவர் சில ஆண்டுகள் மக்களுக்குப் பணியாற்றட்டும் என்பது எளிதில் புரியும் நியாயம். 2010-இல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு, ஏதோ ஒரு வடிவில் கட்டாயப் பணியைச் செயல்படுத்திய 70 நாடுகளைக் கண்டறிந்தது. தாய்லாந்து 1970களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவப் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுக் கட்டாய அரசுப் பணியை விதித்து வருகிறது. இந்தியாவில் பல மாநிலங்கள் பிணைப் பத்திரம் வாங்குகின்றன. 2019 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று உறுதி செய்தது.

பிணையின் பயன் ஆள் வருவது வரைதான். வந்தவர் நிலைப்பாரா என்பது அதன் கையில் இல்லை. ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்ததும் அவர் போய்விடுவார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்கு இந்தத் தொடர் மாற்றம் பெருங்கேடு. ஓர் இளம் மருத்துவர் மூத்தவரின் வழிகாட்டுதல் இல்லாமல் தனியாக விடப்படும்போது, கிராமப்பணி என்றாலே கசப்பு என்ற எண்ணம் அவருக்குள் ஊன்றிவிடவும் கூடும். பணம் கட்டி விலகும் வசதி இருந்தால் வசதி படைத்தவர் விலகுவார், இல்லாதவர் தங்குவார். அப்போது நியாயத்தின் பெயரால் வந்த விதியே நியாயமற்றதாகிறது.

ஆனால் பிணையோடு நல்ல தெரிவும் ஆதரவும் சேரும்போது படம் மாறுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தேவை மிகுந்த இடங்களில், பெரும்பாலும் சிறிய மிஷன் மருத்துவமனைகளில், பணியாற்ற வேண்டும். அங்கே பிணை தனியாக நிற்பதில்லை. மாணவரைத் தெரிவு செய்யும் முறை, பயிற்சிக் காலத்திலேயே கிராமத்தோடு ஏற்படும் தொடர்பு, அனுப்பப்படும் மருத்துவமனையோடு உள்ள உறவு ஆகியவை அதைத் தாங்குகின்றன. இதை ஒரு பெரிய அரசுத் துறையில் அப்படியே நிகழ்த்த முடியுமா என்பது உறுதியில்லை.

நான்காம் விடை: மேற்படிப்பு என்ற ஊக்கம்

தமிழ்நாடு நீண்டகாலம் நம்பிய வழி இது. அரசுக் கல்லூரிகளில் மாநிலத்துக்குரிய பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினால் எம்.டி., எம்.எஸ். படிக்க வழி திறக்கும். முடித்தவர் மீண்டும் அரசுப் பணிக்கே வருவார். இளம் மருத்துவருக்குச் சம்பளத்தைவிட இது பெரிய ஈர்ப்பு. அரசுக்கோ ஒரே ஏற்பாட்டில் இரட்டைப் பயன்: கிராமத்துக்கு மருத்துவர், பின்னர் மாவட்ட மருத்துவமனைக்குச் சிறப்பு மருத்துவர்.

2017-ஐ ஒட்டி, இந்திய மருத்துவக் கழக விதிகளின் அடிப்படையில் இந்த ஒதுக்கீட்டுக்குத் தடை வந்தது. தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண் மட்டுமே தரலாம் என்ற நிலை ஏற்பட்டது. தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31-இல், பணியிலுள்ளோருக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடு இந்த ஒதுக்கீடும் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. மருத்துவர்களின் முடிவுகளில் மேற்படிப்பு வாய்ப்பு எவ்வளவு கனம் பெறுகிறது என்பதை அது காட்டுகிறது.

இந்த வழியிலும் குறை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் மேற்படிப்புக்குப் போகும் வழியில் உள்ள ஒரு நிறுத்தமாக மாறுகிறது. பொது மருத்துவமே தனக்குப் போதுமான வாழ்க்கைப் பணி என்று கருதி அங்கே தங்குபவருக்கு இந்த ஏற்பாடு எதையும் தருவதில்லை. எல்லா ஏணியும் கிராமத்திலிருந்து வெளியே செல்பவையாக இருந்தால், கிராமத்தில் மூத்த மருத்துவர் உருவாக மாட்டார்.

ஐந்தாம் விடை: யார் படிக்கிறார் என்பதே முக்கியம்

கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களே கிராமத்தில் பணியாற்ற முன்வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும், 2021-இல் வந்த அதன் புதிய பதிப்பிலும் இதற்கு முன்னிடம் தரப்பட்டது. தாய்லாந்து 1994 முதல் ஊரக மாணவர்களுக்கென்றே தனிச் சேர்க்கைத் திட்டத்தை நடத்துகிறது. பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவில் 1976-இல் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளி, ஊர் மக்களே அனுப்பும் மாணவரை மருத்துவச்சிப் பயிற்சியில் தொடங்கி, படிப்படியாக மருத்துவர் வரை உயர்த்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீட் தேர்வு விவாதத்தோடு பின்னிக் கிடக்கிறது. 2021-இல் அறிக்கை அளித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, இத்தேர்வு ஊரக, ஏழை மாணவர்களின் வாய்ப்பைக் குறைக்கிறது என்றும், நாளடைவில் மாநிலத்தின் பொதுச் சுகாதார அமைப்பையே பாதிக்கும் என்றும் கருதியது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. இந்த ஒதுக்கீட்டில் படித்தவர்கள் எங்கே பணிபுரியத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முறையாகப் பின்தொடர்ந்தால் உலகுக்கே பயன்படும் சான்று கிடைக்கும். அதற்கு முன், ஊரகப் பின்னணியிலிருந்து வந்தவர் கட்டாயம் ஊருக்குத் திரும்புவார் என்று கொள்வதும் பொருத்தமாகாது. கல்வியால் மேலெழுந்து நகரத்தில் வாழ விரும்பும் உரிமை அவருக்கும் உண்டு.

ஆறாம் விடை: வருகையைக் கண்காணிப்பது

சில பொருளியல் ஆய்வாளர்கள் சிக்கலை வேறு கோணத்தில் வைத்தனர். பணியிடம் நிரம்பியிருந்தாலும் ஆள் வருகிறாரா? 2000களின் தொடக்கத்தில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஆய்வாளர்கள், இந்தியாவின் அரசு சுகாதார நிலையங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பணியாளர்கள் இல்லாததைக் கண்டனர். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் செவிலியர்களின் வருகையை நேர முத்திரைக் கருவிகளால் பதிவு செய்து, வராதவருக்குச் சம்பளம் பிடிக்கும் முறை சோதிக்கப்பட்டது. முதல் சில மாதங்கள் வருகை உயர்ந்தது. பிறகு அதிகாரிகளே விலக்கு நாள்களைத் தாராளமாக வழங்கத் தொடங்கினர். பதினாறு மாதங்களில் பயன் முற்றாக மறைந்தது.

கர்நாடகத்தில் விரல்ரேகைப் பதிவு சோதிக்கப்பட்டபோது செவிலியர் முதலிய பணியாளர்களின் வருகை உயர்ந்தது. மருத்துவர்களின் வருகையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதிகாரப் படியில் கீழே இருப்பவர்மீது மட்டும் விதி இறுகியது. வந்தாலும் கவனித்துப் பார்க்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. மத்தியப் பிரதேசத்தில் நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பி நடத்திய ஆய்வில், அதே மருத்துவர் அரசு நிலையத்தில் காட்டியதைவிடத் தம் தனியார் மருத்துவமனையில் அதிக அக்கறை காட்டியது தெரிந்தது.

இந்த ஆய்வுகள் உண்மையை மறைக்காமல் வைத்தன. அவற்றைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் வராமையை ஒழுக்கக்கேடு என்று மட்டும் படிப்பதும் போதாது. குடியிருப்பு இல்லாத, இரவில் பாதுகாப்பில்லாத, மாற்றுப்பணி, கூட்டம், முகாம் என்று இழுக்கப்படும் ஒருவர் ஏன் அங்கில்லை என்பதற்கு வருகைப் பதிவேட்டில் விடை இல்லை.

ஏழாம் விடை: தனி மருத்துவரல்ல, ஓர் அணி

1926-இல் இலங்கையின் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வரையறுத்த எல்லைக்குள் வாழும் மக்களுக்கு ஒரு களப்பணி அணியைப் பொறுப்பாக்கியது. பின்னாளில் அந்நாட்டின் தாய்சேய் நலச் சாதனைக்கு அதுவே அடித்தளம். சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறையும், 1939-இல் தனிச் சட்டமும் உருவாயின. தமிழ்நாட்டில் இன்றும் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும் அதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர் வரிசையும் உள்ளன. இந்தத் தனி அமைப்பைப் பல ஆய்வாளர்கள் மாநிலத்தின் வெற்றிக்கு ஒரு காரணமாகச் சொல்கின்றனர்.

2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு பரவியது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துத் தட்டுப்பாட்டைக் குறைத்தது. கிராம சுகாதார செவிலியர் கருவுற்ற பெண்ணை வீட்டிலேயே அடையாளம் கண்டு பதிவு செய்தார். சிக்கலான பிரசவத்துக்குச் சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு மையங்கள் இருந்தன. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் சேர்ந்தது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018-20 காலத்தில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 54. அகில இந்திய அளவு 97.

எந்தக் கூறுக்கு எவ்வளவு பங்கு என்று இந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பெண் கல்வி, சாலை, பேருந்து வசதி ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு. ஆனாலும் ஒன்று தெரிகிறது. மருத்துவர் மாறினாலும் செவிலியரும் மருந்தும் அனுப்பும் வழியும் நிலைத்திருந்த இடத்தில் சேவை தொடர்ந்தது.

இந்த அணியின் அடித்தளத்தில்தான் இன்று விரிசல் தெரிகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015 முதல் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினர். ஊதியம் பின்னர் உயர்த்தப்பட்டது; ஆனால் பணிநிரந்தரத்துக்கான காத்திருப்பு நீண்டது. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிக்கப்பட்டது. பெருந்தொற்றில் உயிரைப் பணயம் வைத்தவர்களை அவ்வாறு அனுப்பியது நியாயமா என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை. ஒப்பந்த நியமனம் காலியிடத்தை விரைவாக நிரப்புகிறது என்பது நிதித் துறையின் வாதம். ஒரே வார்டில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இருவகை ஊதியம் என்பது அணி உணர்வையே அரிக்கிறது என்பது செவிலியர் சங்கங்களின் மறுப்பு. நெடுங்காலச் சேவைத் தரத்தின் மீது ஒப்பந்த முறைக்கு உள்ள தாக்கம் போதிய அளவு ஆராயப்படவில்லை.

அளவுகோல் பற்றிய கேள்வி

எத்தனை பேர் தேவை என்று முடிவு செய்யும் முறையும் இன்று விவாதத்துக்குரியது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற மக்கள்தொகை அளவு, தாய்சேய் நலமும் தொற்றுநோயும் முதன்மையாக இருந்த காலத்தில் பிறந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. பணியின் இயல்பே மாறிவிட்டது என்பதை அத்திட்டம் ஒப்புக்கொள்கிறது. அதன் களப்பணியில் பெரும்பகுதியை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுமக்கிறார்கள். நிரந்தரமான ஒரு நோய்க்குத் தன்னார்வலரை நம்புவது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தலைக்கணக்குக்கு மாற்றாக, வேலைப்பளுவை அளந்து ஆள் தேவையைக் கணக்கிடும் முறையை உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு நம்பகமான பதிவுகள் தேவை. அந்தப் பதிவுகளைச் செய்பவரோ ஏற்கெனவே கருவுற்றோரைப் பதிவு செய்யும் பிக்மி இணையதளத்திலும் பதிவேடுகளிலும் நேரத்தைச் செலவிடும் அதே கிராம சுகாதார செவிலியர். அளக்கும் வேலையே பளுவைக் கூட்டாமல் பார்த்துக்கொள்வது எளிதன்று.

எஞ்சியிருப்பவை

இந்த ஏழு விடைகளையும் ஒருசேரப் பார்த்தால், ஒவ்வொன்றும் கேள்வியின் ஒரு துண்டுக்கே விடை சொல்கிறது. ஒரே தரத்து மருத்துவர் என்பது சமத்துவத்துக்கு, குறுகிய காலப் படிப்பு எண்ணிக்கைக்கு, பிணை வருகைக்கு, மேற்படிப்பு ஈர்ப்புக்கு, மாணவர் தெரிவு மனச்சார்புக்கு, கண்காணிப்பு ஒழுங்குக்கு, அணி தொடர்ச்சிக்கு. அளவுகோலைத் திருத்துவது இவை அனைத்துக்கும் முன்தேவை. தனித்து எடுத்துக்கொண்ட எந்த விடையும் நீண்டகாலம் நின்றதற்கான சான்று வலுவாக இல்லை. சேர்ந்து வந்தபோது பயன் தெரிந்திருக்கிறது. ஆனால் எந்தச் சேர்க்கை எங்கே பொருந்தும் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை.

ஓரளவு உறுதியோடு மூன்றைச் சொல்லலாம். முதலாவது, மருத்துவரைக் கிராமத்துக்கு அனுப்புவது எப்படி என்று மட்டும் கேட்டதில் நாம் நெடுங்காலம் இழந்திருக்கிறோம். அவர் தங்குவது நியாயமாகத் தோன்றும் சூழல் எது என்பதே அதைவிடப் பயனுள்ள கேள்வி. இரண்டாவது, சேவையைத் தாங்கும் செவிலியரும் களப்பணியாளரும் கொள்கை விவாதங்களில் மருத்துவருக்குப் பின்னால் வைக்கப்படுகிறார்கள். அவர்களின் பணிப் பாதுகாப்பு நலவாழ்வுக் கொள்கையின் மையத்துக்கு வர வேண்டும். மூன்றாவது, கிராமத்திலேயே இருந்து உயர வழிசெய்யும் பதவி ஏணி இந்தியாவில் இன்னும் முறையாகச் சோதிக்கப்படவில்லை.

திறந்தே கிடப்பவையும் உண்டு. குறுகிய காலம் பயின்ற இடைநிலைப் பணியாளருக்கு எந்த அளவு மருந்தெழுதும் உரிமை தரலாம் என்பதில் மருத்துவச் சமூகத்துக்கும் சுகாதாரத் திட்டமிடுவோருக்கும் இடையே ஒத்த கருத்து இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இதற்கு ஒரு வாயிலைத் திறந்தபோது எழுந்த எதிர்ப்பு அதைக் காட்டியது. பணி நேரத்துக்குப் பின் அரசு மருத்துவர் தனியாக மருத்துவம் பார்க்க அனுமதிப்பது அவரை ஊரில் நிறுத்துகிறதா, அரசு நிலையத்தில் அவர் காட்டும் அக்கறையைக் குறைக்கிறதா என்பதற்கு இரு பக்கமும் வாதங்கள் உள்ளன. நிரந்தர நியமனங்களுக்கான நிதிச்சுமையை மாநிலங்கள் எப்படித் தாங்கும் என்பதும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. இவற்றுக்கு விடை தேட, மாவட்ட வாரியாகக் காலியிடங்கள், மாறுதல்கள், விலகல்கள் ஆகியவற்றின் விவரத்தை அரசுகள் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைப்பது முதல் படியாக இருக்கும். அந்தத் தரவு கிடைத்தால், அடுத்த குழு அறிக்கை எழுத அமரும்போது 1946-இன் கேள்வியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிராது.